மாத்திரை போட்டால் கடையை விட்டு எழுந்திருக்கணும்: இதயச் செயலிழப்புள்ள ஒரு பூ வியாபாரியின் நிகழ்வு ஆய்வு

நோயாளி 54 வயதுப் பெண். தென்மாவட்ட ஊர் ஒன்றில் முருகன் கோயில் வாசலில் பூக்கட்டி விற்பவர். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பத்து வருஷத்துக்கு மேலாக இருக்கின்றன. இரண்டு வருஷத்துக்கு முன் இதயத்தின் முன்சுவரில் மாரடைப்பு. வாயுத் தொல்லை என்று நினைத்து ஒரு பகல் முழுக்கத் தள்ளிப்போட்டு, மறுநாள்தான் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதற்கான 12 மணி நேரம் அதற்குள் கடந்துவிட்டது. செத்துப்போன தசை செத்ததுதான். எக்கோ ஸ்கேனில் ஈ.எஃப், அதாவது இடது வென்ட்ரிக்கிள் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 30%. நல்ல இதயத்தில் இது 55க்கு மேல் இருக்கும். இப்படி இதயம் போதிய ரத்தத்தைத் தள்ள முடியாமல் போவதைத்தான் இதயச் செயலிழப்பு என்கிறோம்.

இங்கே எழுதுவது அவருடைய மூன்றாவது அட்மிஷனைப் பற்றி. ஐந்து மாதத்துக்குள் மூன்று முறை, மூன்றும் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறி வந்தவை. முதல் இரண்டு டிஸ்சார்ஜ் சம்மரியிலும் காரணம் என்ற இடத்தில் 'டிரக் டிஃபால்டர்' என்றிருந்தது. ஒழுங்காக மாத்திரை சாப்பிடாதவர் என்று பொருள். எழுதியது பொய்யில்லை. ஆனால் ஏன் சாப்பிடவில்லை என்று அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூன்றாவது முறை வந்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம். இதய நோயாளியைப் பார்த்துக்கொள்கிற நர்ஸுக்கு மானிட்டரும் சிரிஞ்ச் பம்பும் எவ்வளவு தெரிய வேண்டுமோ, அந்த ஆள் விடிந்ததிலிருந்து படுக்கிறவரை எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதும் அவ்வளவு தெரிய வேண்டும்.

அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுத அவரும் மகனும் சம்மதித்தார்கள்.

முதல் ஆறு மணி நேரம்

அதிகாலை 2.40க்கு 108 ஆம்புலன்ஸில் வந்தார். ஸ்ட்ரெச்சரில் படுக்க மறுத்து, மகனின் தோளைப் பிடித்தபடி உட்கார்ந்தே வந்திருந்தார். மூன்று வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடியவில்லை. உடம்பு சில்லிட்டு வியர்வை. ரத்த அழுத்தம் 190/110, நாடித் துடிப்பு 124, மூச்சு நிமிடத்துக்கு 38, ஆக்சிஜன் அளவு 81%, சர்க்கரை 286. முதுகில் ஸ்டெத் வைத்தால் பாதி நெஞ்சுவரை நொறநொறவென்ற சத்தம். இரண்டு காலிலும் முழங்கால்வரை வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழுந்தது.

ஈ.சி.ஜி எடுக்க வந்தவர் முதலில் சொன்னது, "படுங்கம்மா." இது பல வார்டுகளில் நடப்பது. நுரையீரலில் நீர் நிறைந்தவரைப் படுக்கவைத்தால் காலிலும் வயிற்றிலும் தேங்கியிருக்கிற ரத்தம் ஒரேயடியாக இதயத்துக்குத் திரும்பும். ஏற்கெனவே தள்ள முடியாமல் திணறும் இதயம் அதையும் நுரையீரலுக்குத்தான் பின்னால் தள்ளும். படுக்கையின் தலைப்பக்கத்தை நிமிர்த்தி, காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்தே ஈ.சி.ஜி எடுத்தோம். உட்கார்ந்த நிலையில் எடுத்தது என்று தாளிலேயே எழுதிவைத்தோம், பழைய ஈ.சி.ஜியோடு ஒப்பிடுகிறவர்களுக்கு அது தெரிய வேண்டும். புதிய மாரடைப்புக்கான மாற்றம் இல்லை. தாலியைக் கழற்றச் சொல்லவில்லை. எலெக்ட்ரோடு படும் இடத்திலிருந்து நகர்த்தி, தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டால் போதும். மூக்குத்தியை மட்டும் மருமகளிடம் சொல்லிக் கழற்றினோம். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் பைபேப் மிஷினின் மாஸ்க்கை இறுக்கும்போது அது மூக்கில் அழுந்திப் புண்ணாக்கும், காற்றும் கசியும்.

மாஸ்க்தான் அன்றைய பெரிய வேலை. மூச்சுக்குத் தவிக்கிறவரின் முகத்தை மூடி உள்ளே காற்றை அழுத்தினால் யாருக்கும் பயம் வரும். அவர் இரண்டு தடவை பிடுங்கி எறிந்தார். பட்டையைப் போட்டு இறுக்குவதற்கு முன், குறைந்த அழுத்தத்தில் மாஸ்க்கைக் கையால் முகத்தோடு பிடித்துக்கொண்டு, "நீங்க இழுங்கம்மா, மிஷின் கூடவே வரும், முட்டினா கையைத் தட்டுங்க, எடுத்துடறேன்" என்று சொல்லி, தட்டியபோது நிஜமாகவே எடுத்தோம். அவ்வளவுதான் செய்தது. கொஞ்ச நேரத்தில் அவரே மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டார். அப்புறம்தான் பட்டை. அழுத்தத்தைப் படிப்படியாக, மூச்சை இழுக்கும்போது 12, விடும்போது 6 என்ற அளவுக்கு ஏற்றினோம். மூக்குத் தண்டின் மேல் மெத்தென்ற டிரெஸ்ஸிங் ஒன்றை முதலிலேயே ஒட்டிவிட்டால் மறுநாள் அங்கே புண் இருக்காது.

மருந்தில் இரண்டு முக்கியமானவை. தேங்கிய நீரை மூத்திரமாக வெளியேற்றும் ஃபுரோசமைடு 80 மி.கி நரம்பு வழியாக, மெதுவாக. வேகமாகப் போட்டால் காதில் இரைச்சல் வரும், கேட்கும் திறனையே பாதிக்கலாம். கூடவே நைட்ரோகிளிசரின், சிரிஞ்ச் பம்பில் நிமிடத்துக்கு 10 மைக்ரோகிராமில் தொடங்கி, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்து ஏற்றியது. அழுத்தம் இவ்வளவு ஏறிய நிலையில் வருகிற நுரையீரல் நீர்க்கோப்பில், ரத்தக் குழாய்கள் தளர்ந்து இதயத்தின் சுமை இறங்கினாலே பாதித் திணறல் குறையும். அதனால் நீர் பிரியவில்லையே என்று மூத்திரப் பையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. முதல் அரை மணியில் பி.பி பட்டையைக் கழற்றவே கூடாது. மார்ஃபின் தரவில்லை. முன்பு இதற்கு வழக்கமாகத் தருவார்கள், மூச்சை அடக்கிவிடும் என்பதால் இப்போது எல்லோருக்கும் தருவதில்லை.

மூத்திரக் குழாய் போட்டோம். இந்த மூச்சில் பெட்பேன் வைத்துத் தூக்கி இறக்க முடியாது. போடும்போதே எடுக்கும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, மறுநாள் மாலையே எடுத்துவிட்டோம். சர்க்கரை உள்ள பெண்ணுக்குக் குழாய் தேவைக்கு மேல் ஒரு நாள் இருந்தாலும் தொற்றுக்கு வழி.

முதல் மணி நேரத்தில் 350 மி.லி, இரண்டு மணி நேரத்தில் 800. விடியும்போது 1.6 லிட்டர். மூச்சு 24க்கு வந்தது, ஆக்சிஜன் 96%. ஏழு மணிக்கு காபி கேட்டார்.

அடுத்த சில நாள்

இரண்டாம் நாள் மானிட்டரில் இடையிடையே தவறான துடிப்புகள் வர ஆரம்பித்தன. ஒருமுறை நான்கு சேர்ந்தாற்போல ஓடின. ரத்தத்தில் பொட்டாசியம் 3.1. நீரோடு சேர்ந்து அதுவும் போயிருக்கிறது. தழும்பு விழுந்த இதயத்தில் பொட்டாசியம் குறைவது ஆபத்து, திடீரென்று வென்ட்ரிக்கிள் தறிகெட்டு ஓடலாம். ட்யூட்டி டாக்டருக்கு உடனே சொல்லி, பொட்டாசியம் குளோரைடை டிரிப்பில் கலந்து மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட்டைத் தாண்டாமல் ஏற்றினோம். இதை நேரடி ஊசியாக ஒருபோதும் போடக் கூடாது, இதயம் நின்றுவிடும். புதிதாக வருகிற மாணவிகளுக்கு இதை மட்டும் நான் அலுக்காமல் சொல்வேன். சிரப்பாகத் தரும்போது ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து, சாப்பிட்டபின். நேராகக் குடித்தால் வயிற்றைப் புரட்டி வாந்தியாகிவிடும், கணக்கு மட்டும் நோட்டில் சரியாக இருக்கும்.

எடை பார்ப்பது தினமும் காலை ஆறு மணிக்கு, மூத்திரம் போய்விட்டு வந்து, டீ குடிக்கும் முன், அதே தராசில். முதல் நாள் 63.8 கிலோ, ஏழாம் நாள் வீட்டுக்குப் போகும்போது 58.6. இந்த ஐந்து கிலோவும் தண்ணீர். உள்ளே போனது, வெளியே வந்தது என்று எழுதுகிற நோட்டைவிட இந்த எடையை நான் அதிகம் நம்புகிறேன். மருமகள் கொடுத்த டீயும், பக்கத்துப் படுக்கைக்காரர் கொடுத்த மோரும் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை.

மற்றவை எல்லா இதய வார்டிலும் செய்வதுதான்: மூன்றாம் நாள் நாற்காலி, நான்காம் நாள் கழிப்பறைவரை கூடவே நடை, அப்புறம் வராந்தா. கால் ரத்தம் உறையாமலிருக்கத் தொப்பையில் எனாக்ஸபெரின்.

ஐந்தாம் நாள் ஒரு விஷயம் தட்டுப்பட்டது. படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் 116/74, எழுந்து நின்று மூன்று நிமிஷம் கழித்து 94/60, தலை சுற்றல். நிற்கவைத்துப் பார்க்காமல் அனுப்பியிருந்தால் நடுரோட்டு வெயிலில் விழுந்திருப்பார். டாக்டரிடம் சொல்லி, ஒரே நேரத்தில் போட்டுக்கொண்டிருந்த மாத்திரைகளைப் பிரித்தோம். எந்த நேரத்துக்கு எதை வைப்பது என்று யோசிக்கும்போதுதான், அதற்கு முந்தைய இரவு அவர் சொன்னது கைகொடுத்தது.

அவருடைய ஒரு நாள்

நைட் ட்யூட்டி. பதினொரு மணிக்கு மேல் வார்டு அடங்கியபின் கழிப்பறைக்குக் கூட்டிப்போய் வந்து படுக்கவைத்தபோது அவர் சொன்னார்: "இங்க பாத்ரூம் பக்கத்துல இருக்கு சிஸ்டர். அதனால மாத்திரை போடறது கஷ்டமா தெரியல."

அங்கே என்ன கஷ்டம் என்று கேட்டேன். பாதி நேரம் அவரே பேசினார்.

மூன்று மணிக்கு எழுவார். முதல் பஸ்ஸில் பூ மார்க்கெட். மல்லிகை, பிச்சி, கனகாம்பரம், அன்றைய விலையைப் பார்த்து வாங்கிக்கொண்டு ஐந்தரைக்குக் கோயில் வாசல். பன்னிரண்டரைவரை கட்டிக்கொண்டும் விற்றுக்கொண்டும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார். ஒரு மணிக்கு வீடு. சாப்பாடு, தூக்கம். நாலரைக்குத் திரும்ப வாசல், இரவு ஒன்பதுவரை. கட்டணக் கழிப்பறை பஸ் ஸ்டாண்டுக்குள் இருக்கிறது. போய்வரக் கால் மணி நேரம். அதுவரை கூடையை யார் பார்ப்பது? அந்தக் கால் மணியில்தான் பத்து முழம் கேட்கிற ஆள் வந்து போவார்.

அவருக்கு எழுதியிருந்தது ஃபுரோசமைடு 40 மி.கி, காலை எட்டு மணிக்கு ஒன்று, மாலை நாலு மணிக்கு ஒன்று. போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கும், அடுத்த இரண்டு மூன்று மணி நேரம் அடிக்கடி எழுந்து போகவேண்டியிருக்கும். எட்டு மணிக்கும் நாலு மணிக்கும் பிறகு அவர் எங்கே இருக்கிறார்? இரண்டு வேளையும் வாசலில். "மாத்திரை போட்டா கடையை விட்டு எழுந்திருக்கணும் சிஸ்டர். போடாட்டி ராத்திரிதான் மூச்சு முட்டும்." ராத்திரி வருவதைத் தாங்கிக்கொள்ளலாம், பகலில் கடை போகக் கூடாது என்று அவர் கணக்குப் போட்டு முடிவெடுத்திருக்கிறார். வாசலில் இருக்கும்வரை தண்ணீரும் குடிப்பதில்லை. வீட்டுக்கு வந்தபின் ராத்திரியில் மொத்தமாகக் குடிப்பார்.

இதற்குமேல் இன்னொன்று தெரிந்தது. மூன்று அட்மிஷனின் தேதிகளையும் ட்யூட்டி ரூம் தினசரிக் காலண்டரில் பார்த்தேன். முதலாவது தைப்பூசத்துக்கு மூன்றாம் நாள். இரண்டாவது பங்குனி உத்திரத்துக்கு மறுநாள். இப்போது வந்திருப்பது வைகாசி விசாகம் முடிந்து இரண்டாம் நாள். சாதாரண நாளில் ஒருவேளையாவது போட்டுக்கொள்வார். திருவிழா என்றால் முன்னும் பின்னுமாக மூன்று நாலு நாள் வாசலிலேயே கிடை. மாத்திரை எதுவுமே கிடையாது, பொட்டலச் சாப்பாடு, ஊறுகாய். வருஷத்தின் பாதி வருமானம் அந்த நாட்களில்தான் என்றார்.

முந்தைய இரண்டு அட்மிஷனிலும் "எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறீர்கள்?" என்ற கேள்விக்கு "ஒண்ணு" என்று பதில் பதிவாகியிருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்பதை அறியப் பாடப்புத்தகம் சொல்லித்தரும் கேள்வி அது. பாயில் படுக்கிறவரிடம் அது பயன்படாது. மூச்சு முட்டும்போது அவர் இன்னொரு தலையணை தேடுவதில்லை, எழுந்து சுவரில் சாய்ந்துகொள்வார். "ராத்திரி சுவத்துல சாஞ்சு தூங்குறீங்களா?" என்று கேட்டதும் பதில் வந்தது: இரண்டு வாரமாக அப்படித்தானாம்.

பையில் இருந்தவை

மறுநாள் மகனிடம் வீட்டிலிருக்கிற எல்லா மாத்திரையையும் அப்படியே பையோடு கொண்டுவரச் சொன்னோம். சீட்டைப் பார்த்து மருந்துப் பட்டியல் எழுதுவதைவிடப் பையைக் கொட்டிப் பார்ப்பது எப்போதும் நல்லது.

நாங்கள் கொடுத்த மெட்டோபிரோலால் இருந்தது. கூடவே மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரப்பட்ட அட்டெனோலாலும் இருந்தது. 2021இல் தொடங்கிய அந்தத் திட்டம் இவரைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. ஒரு நாள் கூலியை விட்டு மருந்துக்கு வரிசையில் நிற்கவேண்டியதில்லை. ஆனால் மாரடைப்புக்கு முன்பே ரத்தக்கொதிப்புக்கு எழுதிய சீட்டு அங்கே அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே வகை மருந்து. சேர்த்துப் போட்டால் நாடி 40க்கும் போகலாம். இவர் "ஒரு நாள் அது, ஒரு நாள் இது" என்று தாமே பிரித்துச் சாப்பிட்டிருக்கிறார். வீட்டுக்கு மருந்து கொண்டுவருகிற தன்னார்வலர் பெண்ணைப் போனில் பிடித்துப் பேசி, புதிய சீட்டின் நகலை அந்தத் திட்டத்தின் கையேட்டில் ஒட்டச் செய்தோம்.

பையின் அடியில் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்கள். செட் மாத்திரை. முழங்கால் வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கியது. ஒரு பொட்டலத்தில் மூன்று மாத்திரை, அதில் ஒன்று டைக்ளோஃபெனாக். நாள் முழுக்கச் சம்மணமிட்டு உட்காருகிறவருக்கு முழங்கால் வலிக்காமல் என்ன செய்யும்? ஆனால் இந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும், ஃபுரோசமைடின் வேலையை மந்தமாக்கும். ராமிப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரையோடும் நீர் மாத்திரையோடும் சேரும்போது சிறுநீரகத்தையே தாக்கும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் வந்த அன்று 1.6. நிறுத்தியபின் 1.2க்கு வந்தது. அதற்குப் பதில் சாதாரண பாராசிட்டமால், வெந்நீர் ஒத்தடம், உட்காரக் குட்டையான ஸ்டூல். தண்ணீரில் போட்டால் பொங்குகிற பாராசிட்டமாலும் வேண்டாம் என்று சொன்னோம், அதில் சோடியம் அதிகம்.

இதயச் செயலிழப்போடு திரும்பத் திரும்ப வருகிற யாரிடமும் "வலிக்கு என்ன போடுறீங்க?" என்று தனியாகக் கேட்க வேண்டும். "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்றால் இல்லை என்பார்கள். வலி மாத்திரையை அவர்கள் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

உப்பு

'உப்பு குறைவாகச் சாப்பிடவும்' என்று எல்லா டிஸ்சார்ஜ் தாளிலும் இருக்கிறது. இவர் வீட்டில் குழம்பில் உப்பு குறைவாகத்தான் போட்டிருக்கிறார்கள், மருமகள் சத்தியம் செய்கிறார். உப்பு வந்தது வேறு வழியில். காலைப் பழைய சோற்றுக்கு மாங்காய் ஊறுகாய் அல்லது மோர் மிளகாய். மத்தியானம் சுட்ட கருவாடு. அப்புறம், ராத்திரி மூச்சு முட்டும்போது கேஸ் பிடித்திருக்கிறது என்று தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற பொங்கும் பொடி. அது சோடியம் பைகார்பனேட். நீர் கோத்துத் திணறுகிறவர் அந்தத் திணறலுக்கு மருந்தாகச் சோடியத்தையே குடித்துக்கொண்டிருந்தார். மாரடைப்பு வந்தபோதும் கேஸ் என்றுதான் நினைத்தார் என்பதை இங்கே மறக்கக் கூடாது. நம் ஊரில் நெஞ்சில் வருகிற எந்தத் தொல்லைக்கும் முதல் பெயர் கேஸ்தான். அதனால் வீட்டாருக்கு நாங்கள் அழுத்திச் சொன்னது: இவருக்குக் கேஸ் என்று ஒன்று இனிமேல் கிடையாது. நெஞ்சு அடைத்தாலோ மூச்சு முட்டினாலோ 108தான்.

இந்துப்பு நல்லது என்று யாரோ சொல்லி அதற்கு மாறியிருந்தார்கள். அதுவும் சோடியம் குளோரைடுதான், பலன் ஒன்றுமில்லை. கடையில் கிடைக்கிற 'குறைந்த சோடியம்' உப்பு இவருக்கு இன்னும் மோசம். அதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். இன்னொரு வகை நீர் மாத்திரையான ஸ்பைரனோலாக்டோனும் ராமிப்ரிலும் போடுகிறவருக்குப் பொட்டாசியம் தானாகவே ஏறும். ஆஸ்பத்திரியில் நீர் வேகமாக இறங்கிய நாட்களில் பொட்டாசியம் குறைந்தவருக்கு, வீட்டில் அதே பொட்டாசியம் ஏறுவதுதான் அபாயம்.

அதே சமயம் உப்பே இல்லாத சாப்பாட்டைத் திணிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 2022இல் வெளிவந்த சோடியம்-எச்.எஃப் ஆய்வில், ஆறு நாடுகளில் 806 பேரை வைத்துப் பார்த்தபோது, சோடியத்தை ஒரு நாளைக்கு 1500 மி.கிக்குக் கீழே இறக்க முயன்றதால் மரணமோ ஆஸ்பத்திரி வரவோ குறையவில்லை. உப்பில்லாச் சாப்பாட்டை இவர் முதல் இரண்டு நாள் தொடவே இல்லை. சோறு இறங்காமல் மெலிந்துபோகிற இதய நோயாளி இன்னும் பலவீனமாவார். ஊறுகாய், கருவாடு, அப்பளம், பொங்கும் பொடி, இந்த நாலையும் நிறுத்திவிட்டு குழம்பில் வழக்கம்போல் அளவாகப் போடுங்கள் என்றோம். நாள் முழுக்கச் சேர்த்து ஒரு டீஸ்பூனுக்குள் இருந்தால் சரி. அதற்கு மருமகள் சொன்னார், "இது முடியும் சிஸ்டர்."

புதிய நேரங்கள்

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது அவருடைய ஒரு நாளை மணிவாரியாகத் தாளில் எழுதிக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு ஃபுரோசமைடை ஒரே வேளையாக்கி, மத்தியானம் ஒரு மணிக்கு மாற்றினார். அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருக்கிறார், கழிப்பறை இருக்கிறது, நாலரைக்குள் பெரும்பகுதி நீர் பிரிந்துவிடும். மூத்திரத்தைக் கூட்டுகிற இன்னொரு மாத்திரையான, சர்க்கரைக்கும் தருகிற டாபாகிளிஃப்ளோசினும் ஸ்பைரனோலாக்டோனும் அதே வேளைக்கு. மெட்டோபிரோலாலும் ஆஸ்பிரினும் காலை டிபனோடு. ராமிப்ரிலும் கொழுப்பைக் குறைக்கிற அட்டோர்வாஸ்டாட்டினும் இரவு. இப்படிப் பிரித்ததில் நிற்கும்போது வந்த தலைசுற்றலும் போனது. காலை, மாலை என்று சம்பிரதாயமாக எழுதுகிற மாத்திரை நேரங்களில் பலவற்றை நகர்த்தலாம். எவற்றை நகர்த்தலாம் என்று டாக்டரிடம் கேட்பது நர்ஸின் வேலை, கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை.

வீட்டில் தராசு இல்லை. மகன் வாங்கித் தருவதாகச் சொன்னார், வாங்கியும் கொடுத்தார். ஆனால் தராசுக்கு முன்பே அவரிடம் ஓர் அளவுகோல் இருந்தது. "வீக்கம் வந்தா எப்படித் தெரியும்?" என்று கேட்டதும் யோசிக்காமல், "மெட்டி இறுக்கும், செருப்பு வார் அச்சு விழும்" என்றார். திணறல் வருவதற்கு நாலைந்து நாள் முன்பே மெட்டி இறுகுமாம். இரண்டையும் சேர்த்து எழுதினோம்: மூன்று நாளில் எடை இரண்டு கிலோ கூடினால், அல்லது மெட்டி இறுகினால், அல்லது சுவரில் சாய வேண்டியிருந்தால், அன்றே வார்டுக்குப் போன். வாந்தி, பேதி என்றால் டாபாகிளிஃப்ளோசின், ஸ்பைரனோலாக்டோன், ராமிப்ரில் மூன்றையும் போடுவதற்கு முன் போன்.

"புரிஞ்சுதாம்மா?" என்று கேட்கவில்லை. அதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். "பக்கத்துக் கடை அக்காவுக்கு இந்த வியாதி வந்தா நீங்க என்ன சொல்லித் தருவீங்க?" என்று கேட்டோம். முதல் முறை பொங்கும் பொடியைச் சொல்ல மறந்தார். மறுநாள் கேட்டபோது அதைத்தான் முதலில் சொன்னார்.

நர்ஸ் முன்நின்று சொல்லிக்கொடுத்து, வீட்டுக்குப் போனபின்னும் தொடர்ந்து விசாரிப்பது பலன் தருமா என்பதற்கு ஆதாரம் பழையது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 70 வயதைத் தாண்டிய 282 பேரை வைத்து நடத்தி 1995இல் வெளியிட்ட ஆய்வில், 90 நாளுக்குள் இதயச் செயலிழப்போடு திரும்பி வருவது பாதிக்கும் மேல் குறைந்தது. நமக்கு இது இன்னும் அவசரம். திருவனந்தபுரம் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் 2013இல் சேர்ந்த 1205 நோயாளிகளின் பதிவேட்டில் சராசரி வயது 61, நூற்றுக்கு 72 பேருக்கு மூலகாரணம் இதய ரத்தக் குழாய் அடைப்பு, ஆஸ்பத்திரியிலேயே இறந்தவர்கள் 8.5%. மேல்நாட்டில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வருகிற நோய், இங்கே கூடையைச் சுமந்துகொண்டிருக்கும்போதே வருகிறது. கழிப்பறை இல்லாத வாசலில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு நீர் மாத்திரை எழுதுகிறோம் என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வீட்டுக்குப் போனபின்

மூன்றாம் நாள் போன் செய்தோம். ஏழாம் நாள் ஓ.பியில் எடை 59, ரத்த அழுத்தம் 112/70, பொட்டாசியம் 4.6. பக்கத்தில் தேங்காய்ப் பழக் கடை போட்டிருக்கிறவர் சாதாரண நாட்களில் கூடையைப் பார்த்துக்கொள்கிறார். அதனால் காலையில் ஒருமுறை எழுந்து போக முடிகிறது, தண்ணீரும் குடிக்கிறார்.

ஆடிக் கிருத்திகை வந்தது. முடிந்த மறுநாள் மருமகள் போன்: எடை 60.9, மெட்டி இறுக்கம், ஆனால் ராத்திரி படுத்துத்தான் தூங்குகிறார். டாக்டர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தபடி மூன்று நாளைக்கு ஒரு ஃபுரோசமைடு கூடுதல். மூன்றாம் நாள் வந்து பார்த்தபோது 59.2. அட்மிஷன் தேவைப்படவில்லை.

ஐப்பசியில் அவரே ஒரு வாரம் முன்னால் வந்து கேட்டார்: "சஷ்டி விரதம் ஆறு நாளும் இருக்கணும் சிஸ்டர், மாத்திரையை என்ன பண்ண?" எனக்கு இந்தக் கேஸிலேயே நிறைவு தந்தது இந்தக் கேள்விதான். இருக்காதே என்று சொன்னால் சொல்லாமல் இருப்பார், அதுதான் ஆபத்து. டாபாகிளிஃப்ளோசின் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை அவ்வளவாக ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். டாக்டர் அந்த ஆறு நாளும் அதை நிறுத்தி, ஃபுரோசமைடைப் பாதியாக்கி, சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைச் சாப்பிடுகிற வேளைக்கு மட்டும் வைத்து, ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருக்கச் சம்மதித்தார். சூரசம்ஹாரம் முடிந்து வந்தபோது எடை சரியாக இருந்தது. பொட்டாசியம் மட்டும் 5.6. விசாரித்ததில் விரதத்துக்குத் தினமும் இரண்டு இளநீர், வாழைப்பழம். ஸ்பைரனோலாக்டோனைப் பாதியாக்கி, இளநீரை நிறுத்தி, ஒரு வாரம் கழித்துப் பார்த்ததில் 4.8. இளநீரைப் பற்றிய வரி அதற்குப்பின் எங்கள் வார்டின் டிஸ்சார்ஜ் தாளில் எல்லோருக்கும் சேர்ந்தது. மாத்திரை நேரத்துக்குப் பக்கத்தில் 'அந்த நேரத்தில் எங்கே இருப்பீர்கள்?' என்ற ஒரு கட்டமும் சேர்ந்திருக்கிறது.

இதை எழுதும்போது ஆறு மாதமாக அவர் வார்டில் சேரவில்லை. மறுபடி எடுத்த எக்கோவில் ஈ.எஃப் 34. மருந்துகளை மூன்று மாதத்துக்கு மேல் ஒழுங்காகப் போட்டும் 35க்குக் கீழேயே இருப்பதால், திடீர் மரணத்தைத் தடுக்க ஐ.சி.டி கருவி பொருத்துவதைப் பற்றி டாக்டர் பேசியிருக்கிறார். காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு அனுமதி கேட்டு மகன் அலைந்துகொண்டிருக்கிறார். தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் ஓ.பிக்கு வரச் சொல்லி, தேதியைக் குறித்துக் கொடுத்திருக்கிறோம்.